கச்சானில் நின்ற இஞ்சின்

சாய்ந்தமருது,
12.6.1955

ஜனாப் அபுல் ஹஸன் அவர்களுக்கு,

ஸலாம் சொல்லாமல் ஒரு முஸ்லிம் கடிதம் தொடங்கக் கூடாது என்பதற்காக ஸலாம். மற்றபடி இது வியாபாரக் கடிதம்.

தங்கள் மகள் கமீலாவின் கலியாணத்தன்று தங்கள் வாசலில் நின்று நான் சொன்னது அப்படியே இருக்கிறது. மூன்று வருடத்தில் ஒரு சொல்லையும் வாபஸ் வாங்கவில்லை. தாங்கள் என் தங்கச்சியின் கணவர் என்பதையோ, அந்த வீட்டைச் சீதனமாகப் பெற்ற கமீலா என் வேலிக்கு அடுத்த பக்கம் குடியிருக்கிறாள் என்பதையோ வைத்து உறவு கொண்டாட இதை எழுதவில்லை. கொழும்பில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர்களில் எனக்குப் பெயர் தெரிந்தவர் தாங்கள் ஒருவர்தான். அதனால் எழுதுகிறேன்.

காரீயம் பூசிய கல்நார்க் கயிறு கொஞ்சமும், மெல்லிய பித்தளைக் கம்பி ஒரு முழமும் வேண்டும். வி.பி. பார்சலில் அனுப்பவும், காசைத் தபால்காரனிடம் கட்டி எடுத்துக்கொள்வேன். இனாம் வேண்டாம்.

எதற்கு என்று கேட்பீர்கள். சஹனைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால், தேத்தண்ணி வைக்கிற ‘கேத்தல்’ என்று சொன்னீர்களே, அந்த இஞ்சினுக்குத்தான். திருகோணமலையிலிருந்து யுத்தம் முடிந்ததும் பழைய சாமானாக வந்த பித்தளை வெடிக்கூடுதான் அதன் கொதிகலன். சைக்கிள் பம்பின் குழாய் சிலிண்டர். தையல் மெஷினின் சக்கரம் அதன் சக்கரம். எல்லாவற்றையும் என் கையால் அராவினேன். நான் ஓவசியராக இருந்த கந்தோரில் எனக்குக் கீழே படம் வரையப் பழகிய பொடியனை எனக்கு மேலே உட்கார வைத்தார்கள். அன்றைக்கே வேலையை விட்டேன். அதற்குப் பிறகு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் இந்த நீராவி இஞ்சின்.

ஒவ்வொரு வருடமும் இதே சங்கதி. மாரியில் குதிரை மாதிரி ஓடும். கோடையில் கச்சான் காற்று கிளம்பினால் நின்று நின்று போகும். ஓகஸ்ட் இருபத்தேழாம் தேதி கல்முனைப் பாடசாலை ஒன்றில் கண்காட்சி வைக்கிறார்கள். காலையில் திறந்ததிலிருந்து பின்னேர அஸர் பாங்கு வரைக்கும் என் இஞ்சின் நிற்காமல் ஓடும் என்று பாடசாலை அதிபரிடம் சொல்லிவிட்டேன். கச்சிமுகம்மதுவின் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நின்றால் அதைத் தட்டானிடம் கொடுத்து உருக்கிவிடுவேன் என்றும் சொன்னேன். சொன்னதைச் செய்கிறவன் நான் என்று தங்களுக்குத் தெரியும்.

அபிப்பிராயம் எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
மு. காலிதீன்


கொழும்பு,
19.6.1955

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். வாசல்படியில் வைத்துவிட்டுப் போன ஸலாமாக இருந்தாலும் அதை உள்ளே எடுத்துக்கொண்டேன்.

உங்கள் கடிதத்தைத் தபால்காரன் கொடுத்ததும் உங்கள் தங்கச்சி நதீரா என் கையிலிருந்து பறித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே, “எங்கட காக்காட எழுத்து!” என்று அடுத்த வீட்டுச் சிங்களப் பெண்ணுக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தாள். பிறகு வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை வி.பி. பார்சலில் அனுப்ப முடியாது.

கயிறும் கம்பியும் அனுப்பியிருக்கிறேன். கூடவே சின்ன ஸ்பிரிங் நாலைந்து போட்டிருக்கிறேன், ஒன்றாவது பொருந்தும். வி.பி. போடவில்லை. தபால் கந்தோரில் அந்தக் கடதாசி முடிந்துவிட்டதாம். நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம்.

அபிப்பிராயம் வேண்டாம் என்றதால் ஒன்றும் எழுதவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து கோணல். ஓடினால் மட்டும் ஒரு வரி எழுதுங்கள். கொழும்பில் எனக்கு உங்களைப்போல் கோபிக்க ஆளில்லை.

அபுல் ஹஸன்


சாய்ந்தமருது,
3.7.1955

ஜனாப் அவர்களுக்கு,

ஸலாம். சாமான் கிடைத்தது. இனாம் வேண்டாம் என்று தமிழில்தான் எழுதினேன். ஆகவே மருதமுனைச் சாறன் ஒன்று இத்துடன் அனுப்புகிறேன். நல்ல நெசவு. கணக்கு நேராகிவிட்டது.

இஞ்சின் ஓடியது! பழைய கயிறு காய்ந்து போயிருந்தது. எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, புதுக் கயிறு சுற்றி, தண்ணீர் ஊற்றி ஸ்டவ்வை மூட்டினேன். ஆவி வந்ததும் சக்கரத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். அவ்வளவுதான். டக் டக் டக் என்று, தையல்காரன் பெருநாளுக்கு முந்தின நாள் மிதிப்பதுபோல ஓடியது. என் மனைவி ஜுனைதாகூடக் குசினியிலிருந்து தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, “மெய்தான், கிறுகுதே!” என்றாள். சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். தேத்தண்ணி என்றதும் சொல்ல வேண்டும்: தங்கள் மகள் வீட்டுக் கிணற்றைத்தான் எல்லோரும் நல்ல தண்ணீர்க் கிணறு என்பார்கள். என் கிணற்றை மூன்று வருடத்துக்கு முன் இறைத்துச் சேறு எடுத்தேன். இப்போது அதில் வைக்கும் தேத்தண்ணி அதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. இதையும் தாங்கள் அறிந்திருப்பது நல்லது.

மறுநாள் எழுதுவது: மேலே உள்ளதை இன்னும் தபாலில் போடவில்லை. இன்று காலை கொதிகலனில் தண்ணீர் குறைந்ததும் கைப்பம்பால் ஏற்றினேன். ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டாம் முறை ஏற்றியதும் இருமியது. ஆவி வெளியேறும் குழாய் வழியே சுடுதண்ணீரைத் துப்பியது, என் சட்டையெல்லாம். பிறகு நின்றது. வேலிக்கு வெளியே கச்சிமுகம்மது சைக்கிளை நிறுத்தி, “என்ன ஓவசியர், கொலரா கண்டிட்டா?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

கச்சான் காற்றுத்தான் காரணம். அடுப்பின் சுடரைச் சாய்க்கிறது. தகரத்தில் மறைப்புச் செய்யப் போகிறேன்.

காலிதீன்


கொழும்பு,
11.7.1955

மச்சான்,

சாறனைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நதீரா சொல்கிறாள், மூன்று வருடத்தில் நான் முதல்முறையாக மனிதன்போல இருக்கிறேனாம்.

தகரம் வாங்க அலைய வேண்டாம், நல்ல தகடு அனுப்புகிறேன். இதற்கும் கணக்கு நேராக்க வேண்டுமென்றால் நெத்தலிக் கருவாடு அனுப்புங்கள். கொழும்பில் விற்பது கருவாடு அல்ல, கடதாசி.

இனி ஒரு அபிப்பிராயம். கோபித்தாலும் எழுதுகிறேன். நான் ‘கேத்தல்’ என்று சொன்னதை மட்டும்தான் நீங்கள் வைத்திருக்கிறீர்கள். அன்றைக்கு என் வீட்டில் என்ன நடந்தது? மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தாயிற்று. சஹன் வைத்தாயிற்று. ஆனால் விருந்தாளிகளில் பாதிப்பேரைக் காணவில்லை. எங்கே? உங்கள் வீட்டு வளவில், இஞ்சினைச் சுற்றி! மாப்பிள்ளையின் சொந்த மாமா குந்தியிருந்து சக்கரத்தை எண்ணிக்கொண்டிருந்தார். பெண்ணைப் பெற்றவன் நான் வேலிக்கு மேலால் எட்டி எட்டி, “சோறு ஆறுது, வாங்க, வாங்க” என்று கூப்பிட்டேன். அந்த எரிச்சலில் ஒரு சொல் வந்தது. “மச்சான், அந்தக் கேத்தலக் கொண்டாங்க, எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்துவம்.” அவ்வளவுதானே? நீங்கள் சோற்றுக் கையோடு எழும்பி வாசலில் நின்று, “வல்லாஹி, இந்த வளவுத் தண்ணி ஒரு சொட்டும் என் வீட்டுக்குள்ள வராது” என்று சத்தியம் செய்தீர்கள். உள்ளே புதுப்பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைத் தோளில் வைத்துக் கடலுக்குக் கொண்டுபோனவர் நீங்கள். எனக்கும் மனக்குறை உண்டு, மச்சான். நான் அதைப் பார்சல் பண்ணுவதில்லை, அவ்வளவுதான்.

மேலே எழுதியதை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

அபுல் ஹஸன்


சாய்ந்தமருது,
24.7.1955

அபுல் ஹஸன் அவர்களுக்கு,

தகட்டு மறைப்புச் செய்தேன். கழற்றிப் பூட்டியதும் முதல் தடவை அருமையாக ஓடியது. தண்ணீர் ஏற்றியதும் பழைய கதை. வால்வைத் திரும்ப அராவினேன். முதல் தடவை அருமை. பிறகு இருமல். ஸ்பிரிங் மாற்றினேன். அதே. என்னை நம்பவைத்து நம்பவைத்துக் கழுத்தறுக்கிறது. கந்தோரில் மனிதர்கள் செய்ததை இப்போது பித்தளையும் செய்கிறது.

கண்காட்சியிலிருந்து விலகுகிறேன் என்று அதிபருக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஜுனைதா அக்கரைப்பற்றுக்குத் தன் தங்கச்சியைப் பார்க்கப் போகிறாள். அவள் வந்த பிறகு அனுப்புவேன். தட்டானிடமும் சொல்ல வேண்டும்.

மற்றதைப் பற்றி: கமீலா உள்ளே கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. அவளுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. வேலிக்கு மேலால் தூக்கித் தூக்கிக் காட்டுகிறாள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. குழந்தைக்கு மேலே இரண்டு பல் வந்திருக்கிறது.

கருவாடு அனுப்பியிருக்கிறேன்.

காலிதீன்


கொழும்பு,
30.7.1955

மச்சான்,

பெருநாள் வேலையிலும் அவசரமாக எழுதுகிறேன். அதிபருக்கு எழுதியதைக் கிழியுங்கள். தட்டானிடம் போக வேண்டாம். விலகினால் கச்சிமுகம்மதுவை அந்த ஊரில் வைத்துச் சமாளிக்கப் போவது நானல்ல, நீங்கள்.

எனக்கு இஞ்சின் தெரியாது. ஆனால் கடையில் ஒரு பூட்டைத் திறக்க முடியாவிட்டால், நான் மாற்றாமல் விட்டது எது என்று பார்ப்பேன். நீங்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டீர்கள். மாற்றாதது ஏதாவது இருக்கிறதா?

பார்க்காத பக்கத்தில் எத்தனை பல் என்று எழுதியதற்கு நன்றி. நதீரா அந்த வரியை மட்டும் நாலுமுறை வாசிக்கச் சொன்னாள்.

அபுல் ஹஸன்


சாய்ந்தமருது,
9.8.1955

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள்.

ஜுனைதா அக்கரைப்பற்றில் இருந்தாள். நானே தேத்தண்ணி வைத்தேன். என் கிணற்றில் அள்ளி, என் கேத்தலில் கொதிக்க வைத்து, பாலை ஊற்றினேன். பால் திரைந்துவிட்டது. பால் பழையது என்று கொட்டிவிட்டுப் புதுப்பால் வாங்கி ஊற்றினேன். அதுவும் திரைந்தது. பாலில்லாமல் குடித்துப் பார்த்தேன். கடல்! வாயில் வைக்க முடியாத கடல்.

எனக்குக் காய்ச்சல் என்று நினைத்தேன். இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் கேத்தலைக் கழுவப் போனால் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அதே வெள்ளையை நான் எங்கே பார்த்திருக்கிறேன்? ஓடிப்போய்க் கொதிகலனைக் கவிழ்த்தேன். அதே வெள்ளை.

தாங்கள் கேட்டீர்களே, மாற்றாதது எது என்று. தண்ணீர், மச்சான், தண்ணீர்!

உப்புத் தண்ணீர் கொதித்தால் நுரைக்கும். ஆவி போகிற குழாயில் நுரையும் போய்விடும். சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்தால் பிஸ்டன் எப்படி நகரும்? துப்பும், நிற்கும். தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு உள்ளேயே தங்குகிறது. பம்பால் ஏற்ற ஏற்ற உப்புக் கூடுகிறது. ஒவ்வொரு முறை பழுதுபார்க்கும்போதும் கொதிகலனைக் கவிழ்த்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன். அதனால்தான் முதல் தடவை அருமையாக ஓடி என்னை ஏமாற்றியது. மாரியில் மழை இறங்கிக் கிணறு நன்னீராகும், இஞ்சின் ஓடும். கச்சானில் மழை இல்லை, கிணறு உப்பாகும், இஞ்சின் நிற்கும். பாவம், காற்றின்மேல் பழி போட்டேன்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அப்படியானால் மூன்று வருடமாக நான் குடித்த தேத்தண்ணி?

ஜுனைதா பஸ்ஸிலிருந்து இறங்கி மூட்டையைக்கூடக் கீழே வைக்கவில்லை, நான் மறித்தேன்.

“இஞ்ச வாகா. இந்த வீட்டுத் தேத்தண்ணி எந்தத் தண்ணி?”

“கிணத்துத் தண்ணி.”

“எந்தக் கிணறு?”

“கிணறெண்டா கிணறுதானே? அல்லாஹ்ட தண்ணிக்குப் பேர் வெச்சா அள்ளுற?”

“ஜுனைதா!”

அப்போது மூட்டையை வைத்தாள். “கமீலாட கிணறுதான். பின்வேலிக் கடப்பால போய் ஒவ்வொரு நாளும் விடியச் சுபஹோட ரெண்டு குடம் எடுக்கிறன். ஒங்கட கோபம் ஒங்களுக்கு. உப்புத் தேத்தண்ணிய நான் ஏன் குடிக்கணும்?”

“மூணு வருசமாவா?”

“மூணு வருசமா. நீங்க ஒவ்வொரு நாளும் குடிச்சிட்டு, கிணறு இறைச்ச கதையச் செல்லுவீங்க. நான் அங்கால திரும்பிச் சிரிப்பன்.”

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். சிரிப்புத்தான் வந்தது. மச்சான், அந்தச் சத்தியத்தை நான் காப்பாற்றவில்லை, என் மனைவி காப்பாற்றவில்லை, என் வீட்டு ஆடு கோழி காப்பாற்றவில்லை. இந்த வீட்டில் அதைக் காப்பாற்றியது இஞ்சின் ஒன்றுதான். அது மட்டும்தான் மூன்று வருடமாக என்னோடு சேர்ந்து உப்புத் தண்ணீர் குடித்தது என்றுகூடச் சொல்ல முடியாது. தனியாகவே குடித்தது.

சத்தியத்தைப் பற்றிப் பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டேன். அவரும் சிரித்தார். தெரியாமல் குடித்தது குற்றமில்லையாம். இனித் தெரிந்துகொண்டு எடுத்தால் சத்தியம் முறிந்தது. அதற்குப் பரிகாரமாக, கப்பாறாவாக, பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. சம்மாந்துறையில் நல்ல தண்ணீர் இருக்கிறது. மாட்டுவண்டியில் ஒரு பீப்பாய் கொண்டுவரலாம். இஞ்சினும் ஓடும், என் சொல்லும் நிற்கும். இன்னும் முடிவு செய்யவில்லை.

காலிதீன்


கொழும்பு,
15.8.1955

என் அருமை மச்சான்,

சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்தவர் ஆணி வாங்காமலே போய்விட்டார்.

ஒன்றை ஒளிக்க மாட்டேன். கடப்பு வழியாகக் குடம் போவது எங்களுக்கு முதல் வாரத்திலேயே தெரியும். கமீலா எழுதியிருந்தாள். உங்கள் கிணற்றை நீங்கள் புகழ்ந்து எழுதிய வரியை வாசித்தபோது நதீரா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சொல்லியிருந்தால் நீங்கள் அந்தக் கடப்பில் முள் அடைத்திருப்பீர்கள். இஞ்சினுக்கு மட்டும் உப்புத் தண்ணீர் போகிறது என்று சத்தியமாக எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சம்மாந்துறைப் பீப்பாயைப் பற்றி. கொண்டுவரலாம். வண்டிக்காரனும் கிடைப்பான். ஆனால் கேத்தல் என்று சொன்னது நான். அந்தக் கிணறு உங்களை ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் வாப்பா வெட்டிய கிணறு அது. நதீராவுக்கு வீட்டைக் கொடுத்தபோது கூடவே கொடுத்தார். அதற்குமேல் நான் எழுத மாட்டேன்.

கண்காட்சிக்கு வரச் சொல்லி நதீரா நச்சரிக்கிறாள். நான் வரமாட்டேன். வேலை ஒன்றுமில்லை, வரலாம். ஆனால் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் இஞ்சின் ஓடும்போது நான் பக்கத்தில் நின்றால் என் வாய் சும்மா இருக்காது. எனக்கு என்னைத் தெரியும். இந்த ஒரு நாள் உங்களுடையதாக இருக்கட்டும். எல்லாம் முடிந்த பிறகு எழுதுங்கள். தந்தி வேண்டாம். நீளமாக எழுதுங்கள்.

அபுல் ஹஸன்


சாய்ந்தமருது,
28.8.1955

மச்சான்,

நீளமாகவே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லோரும் தெருவில் வந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, இரண்டு வாளியோடு கமீலா வீட்டு முன்வாசலால் போனேன். கடப்பால் போகவில்லை. சத்தியம் செய்ததும் முன்வாசலில்தான். கச்சிமுகம்மது, “ஓவசியர், வாசல் பிழைச்சிட்டு!” என்று கூவினான். “பிழைக்கல்ல, இப்பதான் சரி” என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்க்காதது இப்போது வருத்தமாக இருக்கிறது.

கமீலா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி நின்றாள். நான் நாலு நல்ல வார்த்தை யோசித்து வைத்திருந்தேன். ஒரு வாளியை நீட்டி, “புள்ள, கொஞ்சம் தண்ணி வேணும்” என்றேன்.

“இஞ்சினுக்கா மாமா?”

“ஓம்.”

“அப்ப நீங்க குடிக்கிறல்லயா?”

கையை நீட்டினேன். அவளே ஊற்றினாள். குடித்தேன். பிறகு குழந்தையைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டு இரண்டு வாளியையும் அவளே நிரப்பினாள். குழந்தை என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்திழுத்தது. பல் இப்போது ஆறு.

கப்பாறாச் சாப்பாடு அடுத்த வெள்ளிக்கிழமை. பத்துப் பேர் என்று சொன்னதற்கு ஜுனைதா இருபது பேருக்கு அரிசி புடைக்கிறாள். தாங்களும் நதீராவும் வர வேண்டும். இதற்கு வரமாட்டேன் என்று எழுதினால் இன்னொரு சத்தியம் செய்வேன், அதை ஜுனைதாவிடம் ஒப்படைக்க மாட்டேன்.

இனிக் கண்காட்சிக் கதைக்கு வருகிறேன்.

காலையில் அதிபர் நாடாவை வெட்டியதும் சக்கரத்தைத் தட்டிவிட்டேன். ஓடியது. தண்ணீர் குறைந்தது, பம்பினேன். ஓடியது. இரண்டாவது முறை பம்பினேன். இருமல் வரும் என்று சட்டையைப் பிடித்துக்கொண்டு விலகி நின்றேன். வரவில்லை. மூன்றாம் முறையும் வரவில்லை. நாலாம் முறையிலிருந்து நான் சட்டையைப் பிடிக்கவில்லை. கந்தோர்ப் பொடியனும் வந்தான். அவன் இப்போது துரை. வெகுநேரம் பார்த்தான். “சேர், இந்த வால்வ நீங்களா வெட்டினீங்க? எனக்கு ஒருக்காச் செல்லித் தாங்க” என்றான். அவனோடு கதைப்பதில்லை என்று வைத்திருந்தேன். வால்வைப் பற்றி என்பதால் கதைத்தேன். வால்வைப் பற்றி மட்டும்தான். அரை மணித்தியாலம்.

பகலுக்குப் பிறகு பெண்களுக்கான நேரம். ஆண்கள் எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள், இஞ்சின்காரன் என்று என்னை மட்டும் மூலையில் விட்டார்கள். ஜுனைதா உறவுக்காரப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். “இதுக்கு நான்தான் தண்ணி பழக்கின” என்று அவர்களிடம் சொன்னதை நான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அஸர் பாங்கு சொன்னது. நான் சொன்ன கெடு முடிந்தது. அடுப்பை அணைக்கக் கையை நீட்டினேன். ஜுனைதா கையைத் தட்டிவிட்டாள். “ஓடுறத ஏன் நிப்பாட்டுற? நீங்க போய்த் தொழுதிட்டு வாங்க. தண்ணி குறைஞ்சா பம்புவன்.”

மச்சான், இந்த இஞ்சின் ஓடும்போது நான் அதன் பக்கத்தைவிட்டு ஒருநாளும் அசைந்ததில்லை. கண்ணை எடுத்தால் நின்றுவிடும் என்று பயம். பாதுகாப்பு வால்வைக் காட்டினேன், தண்ணீர் அளவைக் காட்டினேன், மறுபடியும் காட்டினேன். “தெரியும், போங்க” என்றாள். போனேன்.

பள்ளிவாசல் தெருவுக்கு அந்தப் பக்கம்தான். கை கால் கழுவி வுழுச் செய்துகொண்டிருக்கும்போது இஞ்சினின் டக் டக் கேட்டது. தொழுகை ஸப்பு வரிசையில் நிற்கும்போது கேட்டது. என் கவனம் எங்கே இருந்தது என்று தாங்கள் கேட்க வேண்டாம், அதை அல்லாஹ்வோடு நான் பேசிக்கொள்கிறேன். தொழுகை முடிவில் வலப்பக்கம் ஸலாம் கொடுத்தேன், கேட்டது. இடப்பக்கம் கொடுத்தேன், கேட்டது. துஆ முடிந்து எல்லோரும் எழும்பிப் போனார்கள். நான் எழும்பவில்லை. நான் இல்லாமல், என்னை எதிர்பார்க்காமல், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன்.

உங்கள் மச்சான்,
காலிதீன்